குறைவாக ஓடிய வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நான்கு வகைச் சாதம் செய்கிறவள், இந்த வருஷம் எலுமிச்சையும் தேங்காயும் மட்டும். மே மாதம் இடது முழங்காலைத் திறந்து உள்ளே எஃகு வைத்ததிலிருந்து அடுப்படியில் அதற்கு மேல் நிற்க முடிவதில்லை.

காலையில் ஓர் அதிசயம் நடந்தது. ஆறரை மணிக்கு இவர் வழக்கம்போல இத்தாலிக்காரியை ஷெட்டிலிருந்து எடுத்துப் போர்டிகோவில் நிறுத்தினார். இத்தாலிக்காரி என்று நான் சொல்வது இவருடைய காரை. அதன் பேர் என் வாயில் நுழையாது, பின்னால் ஜி.டி. என்று இரண்டு எழுத்து இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பம்ப் கம்பெனியைத் தம்பி மகன்களிடம் விட்டுவிட்டு ஓய்ந்த கையோடு இத்தாலியிலிருந்து வரவழைத்தார். கருநீலம். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டு பேர்தான் ஒழுங்காக உட்காரலாம். பின் சீட்டு என்று ஒன்று பேருக்கு இருக்கிறது, அதில் ஒரு தேங்காய் மூட்டை வைக்க முடியாது. எனக்குச் சக்களத்தி இல்லாத குறையைத் தீர்க்க வந்தவள் என்று அன்றைக்கே சொன்னேன்.

ஞாயிறு தோறும் இந்தச் சடங்கு உண்டு. போர்டிகோவில் நிறுத்தி இன்ஜினை உறும விடுவார். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அப்போதுதான் நான் பூஜை அறையில் விளக்கேற்றுவேன். சாமி காதையும் சேர்த்துப் பொத்தலாம் போல இருக்கும். கேட்டால் "இன்ஜின் சூடாகோணும்" என்பார். பிறகு தனியாக ஏர்போர்ட் வரை போய்விட்டு வந்து, துடைத்து, மூடி வைத்துவிடுவார்.

இன்றைக்கும் உறும விட்டார். வழக்கத்தைவிட வெகுநேரம். அப்புறம் எங்கேயும் போகவில்லை. அணைத்துவிட்டு உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "வண்டிய வித்துப்போடலாம்னு இருக்கறேன்" என்றார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "நல்லதுங்க, இன்னிக்கே வித்துடுங்க" என்றுதானே? "ஆடி மாசத்துல ஆராச்சும் விப்பாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆடி என்பது ஆடிதானே.

ஆகஸ்ட் 4, திங்கள்

பிசியோதெரபி. உயிர் போய் உயிர் வந்தது. பால்காரர் மறுபடி தண்ணீர் கலக்க ஆரம்பித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

மெல்போர்னிலிருந்து பிருந்தா பேசினாள். கார் விற்கிற விஷயம் அதற்குள் அவளுக்குப் போய்விட்டது. "அம்மா, ஒரு தடவையாவது அதுல உக்காந்தியா?" என்றாள். மகளாகப் பிறந்தவள் அம்மாவைக் குடைவதற்கென்றே ஐ.எஸ்.டி. போடுகிறாள்.

அவளுக்குத் தெரியாதா என்ன. வண்டி வந்த அன்றைக்கு அவளும்தான் வாசலில் நின்றாள். தெருவே நின்றது. பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முதல் ஓட்டம் பேரூர் கோயிலுக்கு, நானும் இவரும் மட்டும். நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். காலில் அதற்கென்றே வாங்கின புதுச் செருப்பு. இடது பக்கக் கதவைத் திறந்து காலைத் தூக்குகிறேன், இவர் உள்ளேயிருந்து, "செருப்பக் கழட்டிப்போட்டு ஏறு புள்ள, கால்மிதி வெள்ளையா இருக்குது" என்றார்.

நாத்தனார் சொர்ணம் களுக்கென்று சிரித்தாள். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் கழற்றியிருப்பேனோ என்னவோ. "கோயிலுக்குக் கழட்டுவேனுங்க. காருக்கெல்லாம் கழட்டமாட்டேன். உங்க வண்டியில இனி எங்கால் படாது" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினேன். டிரைவர் அய்யாசாமி பழைய காரை எடுத்தான். முன்னால் புதுக் காரில் இவர், பின்னால் பழைய காரில் நான். அப்படித்தான் பேரூருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வைராக்கியம் என்றால் வைராக்கியம். இவரும் அப்புறம் ஒரு தடவைகூட "வா" என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டால் குறைந்தா போயிருப்பார்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

இவர் மோரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். மேசையெல்லாம் மோர். போன மாதம் வீட்டுக்கு ஓடுகிற இனோவாவை எடுத்துக் கேட் தூணில் தேய்த்தார். நேற்று அய்யாசாமி பக்கத்திலேயே நிற்கிறான், அவன் மேலேயே போய் இடித்துக்கொண்டு "எங்கடா நின்ன?" என்று அவனையே திட்டுகிறார். எழுபத்தொன்று ஆகிறது, கவனமே இல்லை. திட்டினேன்.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டு விளம்பரம் எழுதச் சொன்னார். கண்ணாடி பவர் மாறிவிட்டதாம், எழுத்து நெளிகிறதாம். இவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நன்றாகப் பராமரிக்கப்பட்ட இத்தாலியக் கார். ஒரே உரிமையாளர். மிகக் குறைவாக ஓடியது. மழையில் எடுத்ததில்லை.

"இடது பக்க சீட்டுல கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கலைன்னு எழுது" என்றார்.

எழுதினேன். நிமிர்ந்து பார்த்தேன். இவர் நேராகக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்றேன்.

"வாங்கறவங்களுக்கு அதுதான் புடிக்கும்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

திருப்பூரிலிருந்து வந்தார்கள். நவநீதன் என்று பேர், பனியன் ஏற்றுமதி. நாற்பது வயது இருக்கும். கூட அவர் மனைவி ஷாலினி, நல்ல களையான பெண். வாங்குவது ஆவணியில்தான், ஆனால் பார்ப்பதற்கு ஆடி தடை இல்லையாம்.

இவர் போர்வையை விலக்கியதும் அந்தப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியிடமே போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார். மீட்டரைப் பார்த்து, "பதினோரு வருசத்துல இவ்வளவுதானா? பத்தாயிரம்கூட ஆகல! சார், நீங்க வண்டிய ஓட்டல, பொண்ணு மாதிரி வளத்திருக்கீங்க" என்றார். பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவருக்கும் வாயெல்லாம் பல்.

ஷாலினியிடம் அந்த ஜி.டி. என்றால் என்ன என்று கேட்டேன். "கிராண்ட் டூரிங்குன்னு சொல்லுவாங்கம்மா. ரேஸ் வண்டி இல்ல. ரெண்டு பேரு பெட்டி படுக்கையோட அலுங்காம ரொம்பத் தூரம் போறதுக்குன்னே செய்யறது" என்றாள். நான் இத்தனை நாள் அது கம்பெனிக்காரன் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காபி எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்குப் போனபோது ஆண்கள் இன்ஜினைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரம் நிக்க வச்சு உறும வுட்டுருக்கீங்களா? பழைய ஆளுங்க நெறையப் பேரு சூடாகோணும்னு அப்படிப் பண்றாங்க. இந்த இன்ஜினுக்கு அது ஆகாது."

"தெரியுந் தம்பி" என்றார் இவர். "அரை நிமிசம் போதும். எடுத்துட்டு மெதுவா உருட்டோணும், ஓடித்தான் சூடாகோணும். நிக்க வச்சு வுட்டா இன்ஜினுக்குத்தான் கேடு. இத வாங்கின அன்னிக்கே படிச்சுட்டேன்."

"அப்பச் சரிங்க சார்."

நான் தட்டோடு நின்றேன். இவர் என்னைப் பார்க்கவில்லை, நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். எத்தனை நேரம் அப்படியே நின்றேனோ, ஷாலினிதான் வந்து தட்டை வாங்கினாள். காபி ஆறியிருந்தது. நல்ல பெண், முகம் சுளிக்காமல் குடித்தாள்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது இவர் சாவியை அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டார். வேறு யாரையும் அந்த ஸ்டியரிங்கைத் தொடவிடாதவர். அய்யாசாமி என்னைப் பார்த்தான், நான் உள்ளே வந்து அவரைக்காய் அரிய உட்கார்ந்தேன். சமையல் முடிந்துவிட்டது என்பது பாதி அரிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை போனேன். ஒரு தடவை மாத்திரை கொடுத்தேன். இன்னொரு தடவை மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

முழங்கால் டாக்டரிடம் போக வேண்டும், வண்டி எடு என்றேன். அய்யாசாமி, "ஐயாவக் கண்ணாஸ்பத்திரியில வுட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான்.

"கண்ணாஸ்பத்திரியா? எத்தன நாளா நடக்குது இது?"

"சித்திரையில இருந்துங்க. சொல்லவேண்டாம்னு ஐயா..."

முழங்கால் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று நானும் ஏறினேன். அந்த டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். கண்ணில் பிரஷராம். வலி இருக்காதாம், சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாமாம். சித்திரையிலேயே காரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம், இவர்தான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"உனக்கு ஆப்பரேசன் நேரம். ரெண்டு பேரும் ஒட்டுக்காப் படுத்தா ஆரு பாக்கறது?" கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "முன்னால இருக்கறது பளிச்சுனு தெரியுது புள்ள. பக்கத்துல இருக்கறதுதான் தெரியறதில்ல."

பக்கத்தில் இருப்பது என்றைக்குத்தான் உங்களுக்குத் தெரிந்தது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கினேன். போன வாரம் மோர் சிந்தியதற்குத் திட்டினேனே, அதையும் விழுங்க முடிந்தால் நன்றாக இருக்கும். இனோவாவில் நான் எப்போதும் பின் சீட்டில் வலது பக்கம் உட்காருவேன். இன்றைக்கு அங்கிருந்து, முன்னால் உட்கார்ந்திருந்த இவர் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தாயிற்று. திருப்பூர்க்காரர் காலையிலேயே போன் செய்துவிட்டார். செவ்வாய்க்கிழமை எடுத்துக்கலாமா என்கிறார். செவ்வாய் ஆகாது என்றேன். அப்போது வெள்ளி? வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து லட்சுமியை வெளியே அனுப்புவார்களா? சனி அமாவாசை. அடுத்த வாரம் பிள்ளையார் சதுர்த்தி.

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பதினோரு வருசமா அனுப்பு அனுப்புன்னு நீதான நின்ன?" என்றார்.

"அனுப்பறதையும் நல்ல நாள் பாத்து அனுப்போணுமுங்க."

செப்டம்பர் நான்கு, வியாழன், பத்தரைக்கு மேல் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் சொல்லப் பஞ்சாங்கத்தில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பிசியோதெரபிக்கு வரும் ஜெனிபரிடம், தாழ்வான இடத்தில் உட்கார முடியுமா என்று கேட்டேன். எவ்வளவு தாழ்வு என்றாள். முழங்காலுக்குக் கீழே என்றேன். கூடவே கூடாது என்றாள். ஒரு தடவைக்கு? "எதுக்கும்மா?" சும்மா கேட்டேன் என்றேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. பழைய முக்காலியைக் கொண்டுவரச் சொல்லி, சொல்லிக் கொடுத்தாள். காலை முதலில் வைக்கக் கூடாது. முதுகைக் காட்டி நின்று, பிடித்துக்கொண்டு, முதலில் இடுப்பை இறக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து யாராவது உள்ளே தூக்கி வைக்க வேண்டும். "தாழ்வான காருக்கெல்லாம் அப்படித்தான் ஏறணும்மா" என்றாள். நான் கார் என்று சொல்லவே இல்லை.

மூன்று தடவை செய்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வலியில்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறு மணிக்கே குளித்து அரக்குப் பட்டைக் கட்டினேன். வேறு புடவை கைக்கு அகப்படவில்லை. விளக்கேற்றினேன். ஆறரைக்கு உறுமல் ஆரம்பித்தது. கைத்தடியோடு கூடத்தைத் தாண்டி வாசற்படிக்கு வந்துவிட்டேன். இன்னும் நான்கு எட்டு. இவர் வலது பக்கம் உட்கார்ந்து நேராகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு சொர்ணம் வருகிறாள். கையில் தூக்குப்போசி, மகன் வீட்டு மாட்டுச் சீம்பால். "என்னங்க அண்ணி, பட்டெல்லாம் கட்டி வாசலுக்கு வந்துட்டீங்க? எங்கண்ணனோட ஊர்வலமா?" என்று அதே சிரிப்பு. பதினோரு வருஷத்தில் பல் இரண்டு போய்விட்டது, சிரிப்பு போகவில்லை.

"கோயிலுக்குப் போறேன்" என்றேன். "அய்யாசாமி, வண்டிய எடு."

போனேன். பேரூர் வாசலில் இனோவாவிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கிப் போய்ச் சாமியிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை விண்டுபோயிற்று.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மறுபடி ஆறு மணிக்கே தயாரானேன். ஏழாயிற்று, ஏழரையாயிற்று. சத்தமே இல்லை. வந்து பார்த்தால் இவர் கூடத்தில் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இன்னிக்கு எடுக்கலீங்களா?"

"அதான் வித்தாச்சே" என்றார். "நிக்க வச்சு உறும வுட்டு என்ன ஆகப்போகுது."

சடைப்பின்னலைப் பிரித்துக் கொண்டை போட்டுக்கொண்டு தோசைக்கல்லைப் போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் லேசாகத் தூறியிருந்தது. பத்தரைக்கு அவர்கள் வருவார்கள். ஒன்பது மணிக்கு நான் வாசலுக்குப் போனேன். பட்டு இல்லை, வீட்டில் கட்டுகிற நூல் சேலை. காலில் டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. வண்டி போர்டிகோவில் கழுவித் துடைத்து நிற்கிறது. இவர் வெள்ளைத் துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். தெரியவில்லை. சுற்றி முன்னால் போய் நின்றேன்.

"நான் உக்காரோணும்" என்றேன்.

துணி நின்றது. சிரிப்பார், கேலி செய்வார் என்று நினைத்துப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். இவர் தடவிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்தார். சாவி நுனியால் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, பிரிக்காதீங்க! அது இருக்குதுன்னுதான அந்தப் பையன் அவ்வளவு சந்தோசப்பட்டாரு."

"கெடக்குது."

பதினோரு வருஷத்தில் அது தோலோடு ஒட்டிப்போயிருந்தது. சர் சர்ரென்று துண்டு துண்டாகத்தான் வந்தது. பிரித்து முடிப்பதற்குள் இவருக்கு மூச்சு வாங்கியது. நான் கைத்தடியைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனேன்.

"கழட்டாத."

"ஈரமா இருக்குதுங்க. மண்ணு ஒட்டியிருக்குது. வெள்ளைக் கால்மிதி..."

"செருப்போட ஏறுன்னு சொல்றேன்ல!" என்று கத்தினார். அய்யாசாமி ஷெட் பக்கம் போய்விட்டான். இவர் குரல் இறங்கியது. "கழட்டாத புள்ள. அப்படியே ஏறு."

முதுகைக் காட்டி நின்று, கதவைப் பிடித்து, ஜெனிபர் சொன்னபடி இடுப்பை இறக்கினேன். முழங்கால் சீறியது. உட்கார்ந்துவிட்டேன், கால் இரண்டும் வெளியே. அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. "கால ஒருத்தர் தூக்கி வெக்கோணும். அய்யாசாமியக் கூப்பிடுங்க" என்றேன்.

இவர் கூப்பிடவில்லை. குனிந்து, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, என் காலைத் தேடினார். இரண்டு பக்கமும் கை அலைந்தது. நான் "இங்கீங்க" என்றேன். கண்டுபிடித்துச் செருப்போடு சேர்த்து இரண்டையும் தூக்கி உள்ளே வைத்தார். என் புருஷன் என் காலைத் தொட்டதில்லை. கல்யாணத்தில் மெட்டி போட்டபோது தொட்டிருப்பார், அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். உள்ளே உட்கார்ந்தால் அது அவ்வளவு சத்தம் இல்லை. வீட்டுக்குள்தான் அதிர்கிறது. இங்கே தூரத்தில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. எனக்கு இது தெரியாது.

"நிக்க வச்சு வுட்டா இன்ஜினுக்குக் கேடுன்னீங்களே" என்றேன்.

"ஆமா."

"ஒரு வார்த்த, வான்னு கூப்பிட்டிருந்தா?"

"கூப்பிட்டுட்டுத்தான இருந்தேன்" என்றார். "வாரா வாரம்."

சாமி காதைப் பொத்தலாம் போல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி நான் மணியை வேகமாக ஆட்டியது ஞாபகம் வந்தது.

"எங்க போறதா இருந்தீங்க?"

"மொதல்ல வால்பாறை. அப்பறம் மூணாறு. புடிச்சா அப்படியே கன்னியாகுமரி வரைக்கும். ராத்திரி ஓட்டமாட்டேன், பகல்ல மட்டும். ஒட்டுக்காப் போயிட்டு வரலாம்னு."

"இப்பக் கேட் வரைக்கும் போலாமா?"

இவர் கை கியர் மேல் போனது. நேராகக் கேட்டைப் பார்த்தார், அப்புறம் கழுத்தைத் திருப்பித் தூண்கள் இரண்டையும் தேடினார். கையை எடுத்துவிட்டார். "வேண்டாம். நீ உள்ள இருக்கற" என்றார்.

அணைத்தார். இறங்குவதற்கு அய்யாசாமி வந்தான்.

பத்தரைக்கு அவர்கள் வந்தார்கள். பேப்பர்களில் நான் காட்டிய இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். உறை பிரித்த சீட்டைப் பார்த்து அந்தப் பையன் முகம் ஒரு கணம் சுருங்கியது, பெரியவர் என்று ஒன்றும் கேட்கவில்லை. இடது பக்கக் கால்மிதியை எடுத்துப் போர்டிகோ ஓரமாக இரண்டு தட்டுத் தட்டினார். மண் உதிர்ந்தது. திரும்பப் போட்டார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஷாலினி கதவைத் திறந்தாள்.

"ஷாலு, செருப்பக் கழட்டிட்டு ஏறு" என்றார் அவர்.

இவர் இருந்த இடத்திலிருந்தே திடுக்கென்று, "தம்பி! அத மட்டும் சொல்லாதீங்க தம்பி" என்றார்.

நவநீதன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். ஷாலினி அதற்குள் கழற்றிவிட்டாள். "பரவாயில்லீங்க சார், எனக்குப் பழக்கந்தான்" என்று செருப்பை ஒரு கவரில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டாள். "அப்படியே ஏறு கண்ணு" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கதவு சாத்திவிட்டது.

அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டது, இரண்டு பேரோடு.

செப்டம்பர் 5, வெள்ளி

இவருக்கு மூன்று வேளைச் சொட்டு மருந்து இனி நான்தான் போடுகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆறரைக்கு விளக்கேற்ற உட்கார்ந்தேன். சாமி அறையில் அவ்வளவு அமைதி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

இவர் போர்டிகோவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி, இடது பக்கம். நான் அதை இழுத்த சத்தத்தில்தான் திரும்பினார்.

"வந்துட்டியா?"

"ம்."

இரண்டு பேரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அய்யாசாமிய வரச் சொல்றனுங்க. வால்பாறை போயிட்டு வரலாம். நான் பின்னால உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். ரோட்டுல என்னென்ன இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே வர்றேன்" என்றேன்.

"போலாம்" என்றார். ஆனால் எழவில்லை. நானும் எழவில்லை.

மூன்று நாளாக வராத வேலைக்காரி பொன்னி விளக்குமாற்றோடு வந்தாள். கால்மிதியிலிருந்து உதிர்ந்து ஓரமாகக் கிடந்த மண்ணைக் கூட்டப் போனவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"ஏனுங்கம்மா? மண்ணாக் கெடக்குதுங்க."

"தூசி கெளம்பும்" என்றேன். "ஐயாவுக்குக் கண்ணுல படும். அது அப்படியே இருக்கட்டும்."